வெட்டுப்புள்ளிக்குக் கீழையும் பிள்ளையள் இருக்கினம்

புலமைப்பரிசில் பெறுபேறு வந்தால் யாழ்ப்பாணத்துச் சந்தியளில பதாகைகள் முளைக்கும். எங்கட ஊர்ச் சின்னப் பள்ளிக்கூடத்து மதிலிலயும் ஒண்டு தொங்கினது. வெட்டுப்புள்ளி தாண்டின ஒரு பிள்ளையின்ர படம். சந்தோசம்தான். ஆனால் அந்த ஐந்தாம் ஆண்டு வகுப்பில இருந்தது ஒன்பது பேர்.

1940களில் கன்னங்கரா காலத்தில இந்தப் பரிசில் வந்ததே, வசதியில்லாத கிராமத்துப் பிள்ளையும் மத்திய கல்லூரியில படிக்கவேணும் எண்டுதான். இண்டைக்கு அது ரியூசனுக்குக் காசு கட்டக்கூடிய வீடுகளின்ர ஓட்டப்போட்டி. 200க்கு 70 எடுத்தாலே சித்திதான். ஆனால் மதிலில அவைக்கு இடமில்லை.

மற்ற எட்டுப் பேரும் சும்மா இருக்கேல்லை. வாணி விழாவில பேசினவை, இல்ல விளையாட்டுப் போட்டியில ஓடினவை, தோட்டத்துக் கத்தரிக்குத் தண்ணி விட்டவை. அவையின்ர தாய் தகப்பன்மார்தான் சிரமதானத்தில வேலி அடைச்சது.

பதாகையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தை அளந்தால், பெற்றோர் முதலாம் ஆண்டிலேயே பிள்ளையை ரவுணுக்குக் கொண்டு போயிடுவினம். பிறகு பிள்ளையள் காணாது எண்டு பள்ளிக்கூடத்தைப் பூட்டுவினம்.

பழைய மாணவர் சங்கத்திட்ட நாங்கள் கேக்கிறது ஒண்டுதான்: அடுத்த முறை முழு வகுப்பின்ர படத்தையும் போடுங்கோ.