போதகர் ஓய்வெடுத்தால் சபை என்ன செய்யும்?



திருச்சபைப் போதகர் ஒருவருக்கு மூன்று திங்கள் ஓய்வு அளிக்கலாம் என்னும் பேச்சு எழும்போதெல்லாம், "அதுவரை பிரசங்கம் செய்வது யார்?" என்ற வினாவே முந்திக்கொண்டு வருகிறது. தமிழாசிரியர் நீண்ட விடுப்பில் செல்கிறார் என்று அறிந்ததும் பெற்றோர் கேட்பதும் ஏறத்தாழ இதுவே. வினா தவறன்று. ஆயினும் அது பாதி வினாவே ஆகும். மீதிப் பாதி: அம்மூன்று திங்களில் சபையார் என்ன ஆகப் போகிறார்கள்?

நான் கிறித்தவன் அல்லன். ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் இப்பொருள் எனக்கு நெருக்கமானது. ஷார்ட் ஸ்ட்ரீட்டிலுள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டார்செட் சாலையிலுள்ள கிறிஸ்து ஆலயம் போன்ற தமிழ்ச் சபைகளில் போதகரின் வேலை ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. மருத்துவமனைக்குச் செல்வதும், இழவு வீட்டில் நிற்பதும், ஊரிலிருந்து வந்த தொழிலாளியின் துயரம் கேட்பதும், பிள்ளைகளுக்குத் தமிழில் மறைநூல் கற்பிப்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. சிறுபான்மையினுள் சிறுபான்மையாய் வாழும் கூட்டத்துக்கு ஒரே தோள்! அத்தோள் சோர்ந்தால் என் செய்வது?

ஓய்வாண்டு என்பது புதிய கருத்தன்று. ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விட வேண்டுமென்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. இதே எண்ணத்தை 1880இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் பேராசிரியர்களுக்கு விடுப்பாக மாற்றியது. நமக்கும் இது அந்நியமன்று. குடமுழுக்குக்கு முன்னர்க் கோயிலில் பாலாலயம் அமைப்பதைக் கண்டிருப்பீர்கள். மூலவரின் ஆற்றலைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து, கருவறையில் திருப்பணி நடத்துவர். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலின் 2018ஆம் ஆண்டுக் குடமுழுக்குக்கு முன்னரும் இவ்வாறு திருப்பணி நடந்தது. அக்காலத்தில் வழிபாடு நின்றுவிடுவதில்லை. மாறாக, பணிக்கு ஆள் தேவை என்றதும் அதுவரை ஒதுங்கி நின்ற தொண்டர்களும் முன்வருகிறார்கள்.

சிங்கப்பூர் மெதடிஸ்ட் வரலாற்றிலேயே இதற்கு நெருங்கிய சான்று உண்டு. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885இல் இங்கு வந்து திருப்பணியைத் தொடங்கினார். 1886இல் 13 மாணவர்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியை நிறுவினார். 1887இல் சோஃபியா பிளாக்மோர் அம்மையார் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் ஒன்பது சிறுமியரோடு தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். (இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் வேர் ஒரு தமிழ் வகுப்பு என்பதை நம் மாணவியருக்குச் சொல்லுங்கள், வியப்பார்கள்.) ஓய்வறியாது உழைத்த ஓல்டமின் உடல்நலம் குன்றியது. 1889இல் அவர் சிங்கப்பூரை விட்டு நீங்கினார். நிறுவியவர் போனபின் பணி படுத்துவிட்டதா? இல்லை. பினாங்கில் 1891இலும், ஈப்போவில் 1895இலும், கோலாலம்பூரில் 1897இலும் மெதடிஸ்ட் பள்ளிகள் தோன்றின. ஓல்டம் 1904இல் பேராயராகத் திரும்பியபோது, தாம் விட்டுச் சென்றதைவிடப் பன்மடங்கு பெரிய பணியையே கண்டார்.

இது முறையான ஓய்வு விடுப்பன்று என்பது உண்மையே. நோய் துரத்திய பிரிவு. என் வாதமும் அங்குதான் தொடங்குகிறது. நோய் துரத்தும் வரை காத்திராமல், திட்டமிட்டு அனுப்புவதில் என்ன தடை? செலவு என்பார்கள். அமெரிக்காவில் லில்லி அறக்கட்டளை போதகர் ஓய்வுக்கு நல்கை தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் போதகர் அல்லர், சபை! நல்கையின் ஒரு பகுதி சபையின் தேவைகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. ஓய்வு இருதரப்புக்கும் உரியது என்னும் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மூன்று திங்களும் வெளியிலிருந்து விருந்துப் பிரசங்கியாரை அழைத்து மேடையை நிரப்பிவிட்டால், போதகர் புத்துயிர் பெறுவார். சபை அப்படியே இருக்கும். அதைவிட, நோயாளியைக் காணச் செல்லும் பொறுப்பை நால்வர் ஏற்கலாம். இளையர் ஒருவர் தட்டுத்தடுமாறியேனும் தமிழில் வேதபாடம் வாசிக்கலாம். உச்சரிப்பு பிழைபடும்தான். லகர ளகர வேறுபாட்டைக் கேட்டு முதியோர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்! இளையருக்குத் தமிழ் வாழும் மொழியாக இருக்க வேண்டுமென்று மேடைதோறும் பேசுகிறோம்; அவர்கள் வாய்திறக்க ஓர் இடம் வேண்டாமா? எல்லாவற்றையும் போதகரே பழுதின்றிச் செய்துவரும்போது அந்த இடம் கிடைப்பதில்லை. வகுப்பறையிலும் ஆசிரியர் குரல் ஓயாதவரை மாணவர் குரல் எழுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

ஓர் இடர் உண்டு. போதகர் திரும்பி வந்த மறுவாரமே எல்லாப் பொறுப்புகளும் அவர் மேசைக்கே திரும்பிவிடக்கூடும். "ஐயா வந்துவிட்டார்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவது நம்மவர் இயல்பு. ஆகவே வழியனுப்பும் கூட்டத்திலேயே, எவ்வெப்பணிகள் இனி அவரிடம் மீளா என்பதையும் யார் யார் அவற்றைத் தொடர்வர் என்பதையும் பெயரோடு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு அறிவிப்புத் தாளின் ஒற்றுப்பிழை திருத்தும் பணியை மட்டும் அச்சபையைச் சேர்ந்த தமிழாசிரியர் எவரேனும் தயங்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.