முப்பது எழுத்தும் எண்ணிறந்த சொல்லும்

உயிர் 12, மெய் 18. இம்முதலெழுத்துகள் 30ஐக் கொண்டே தமிழ் எண்ணிறந்த சொற்களை ஆக்கிக்கொள்கிறது. நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களும் இம்முறையையே கையாள்கின்றன.

மனித உடலில் புரதங்களை ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. உட்புகும் நோய்க்கிருமிகளின் வகைகளோ அளவிறந்தவை. அவற்றை இனங்காணும் ஏற்பிகளை இச்சிறு தொகை எங்ஙனம் தரும்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆய்ந்த ஜப்பானிய அறிஞர் சுசுமு டொனெகாவா 1976இல் விடை கண்டார். ‘பி’ வகை வெள்ளணு வளரும்போது மரபணுத் துண்டுகள் வெட்டப்பட்டுப் புதிதாக இணைகின்றன. இணைப்பு அணுவுக்கு அணு வேறுபடுகிறது. 1987இல் அவர் நோபல் பரிசு பெற்றார். ‘டி’ வகை அணுக்களின் ஏற்பிகளும் இவ்வாறே அமைகின்றன.

சேர்ந்த எழுத்தெல்லாம் சொல்லாகா. தன் உடலையே தாக்கவல்ல ‘டி’ அணுக்களையும், தன்னுடல் அடையாளத்தை அறியமாட்டாத ‘டி’ அணுக்களையும் தைமஸ் சுரப்பி பெரும்பாலும் களைந்துவிடுகிறது. எஞ்சுவன மிகச் சிலவே.

இத்துணை நுண்பொருளையும் தமிழில் உரைக்க இயலும் என்பதே நம் கருத்து. தமிழ்வழிப் பயின்று வந்த மாணவர், ஆங்கிலப் பாடத்தைப் பொருளறியாது மனனம் செய்யும் நிலை நீடித்தல் முறையன்று. கலைச்சொல் இல்லை என்பது வெறும் சாக்கு. ‘ஏற்பி’, ‘மரபணு’ ஆகியன வழக்கில் உள்ளனவே. தமிழ்த்துறையும் விலங்கியல் துறையும் ஒருங்கமர்ந்து ஆண்டுக்கொரு சிறுநூலேனும் எழுதட்டும். சமுதாயப் பெரியோர் அதனை அச்சேற்றத் துணைநிற்கட்டும். கல்வி தேடலைக் கடமையெனக் கொண்ட நாம், அதனைப் புரியும் மொழியில் வழங்குதலையும் கடமையெனக் கொள்வோமாக!