நீள்துளைகள் டிரில் கோப்பில் வரட்டும்: பிசிபி தயாரிப்பாளர்களின் நிலைப்பாடு

பிசிபியில் வட்டமல்லாத துளை எதுவானாலும், வடிவமைப்பாளர் அதை டிரில் கோப்பிலேயே துளையாகக் குறித்துத் தர வேண்டும். செம்புப் பூச்சு உண்டா இல்லையா என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்கல் லேயரில் கிடக்கும் ஒரு கோட்டைப் பார்த்து எங்கள் சங்கத்தின் உறுப்பினர்கள் ஊகம் செய்யப்போவதில்லை. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்போம். அதனால் தாமதமானால் ஆகட்டும்.

காரணம் வேலையின் வரிசையில் இருக்கிறது. பூச்சுள்ள நீள்துளையை, அதாவது ஸ்லாட்டை, மற்ற துளைகளோடு சேர்த்துப் பிளேட்டிங்குக்கு முன்பே வெட்டியாக வேண்டும். பூச்சில்லாதது பெரும்பாலும் கடைசியில், பலகையின் விளிம்பை அறுக்கும்போது ரவுட்டரில் வெட்டப்படும். டிசி பவர் ஜாக்கின் தட்டையான கால்களுக்குப் பூச்சுள்ள ஸ்லாட் தேவை. அதை விளிம்புக் கோட்டோடு வரைந்து அனுப்பினால், பூச்சில்லாத வெறும் ஓட்டையாகத்தான் வரும். முடிந்த பலகையில் அதைத் திருத்த வழியில்லை.

எதிர்த்திசையில் தவறினால் ஆபத்து. பவர் சப்ளை பலகைகளில் மின்கசிவுப் பாதையை நீட்டுவதற்காக உயர் அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் நடுவே ஸ்லாட் வெட்டுகிறார்கள். அதன் சுவரில் செம்பு ஏறினால் வெட்டியதன் நோக்கமே கெட்டது. அகலத்திலும் கவனம் தேவை: ஐஇசி 60664-1 தரநிலைப்படி, மாசு நிலை 2-இல் பொதுவாக 1 மி.மீ.க்குக் குறைவான பிளவு கணக்கில் வராது.

பழைய ஈகிள் மென்பொருளில் பேடுக்கு நீள்துளை தர வசதியில்லை; 46-ஆம் லேயரில் வரைந்து அனுப்பும் பழக்கம் அப்படி வந்தது. அன்று அது நியாயம். இன்று கிகேடில் துளை வடிவத்தை ஓவல் என்று மாற்றினால் போதும். 2014-இல் வந்த கெர்பர் எக்ஸ்2-இல் துளைக் கோப்பு பூச்சுள்ளதா அல்லவா என்பதைக் கோப்புக்குள்ளேயே பதியலாம். இவ்வளவு இருந்தும் பழைய பழக்கத்தைத் தொடர்வது சோம்பல் என்றே கருதுகிறோம்.

எக்ஸெலான் வடிவ டிரில் கோப்பில் ஸ்லாட்டுக்கான ஜி85 கட்டளை, ரவுட்டர் பாதை இரண்டுமே எங்களுக்குச் சம்மதம். இரண்டிலும் எழுதப்படுவது கருவியின் மையப்புள்ளிகள். ஆகவே 1 மி.மீ. அகலம், 3 மி.மீ. நீளம் கொண்ட ஸ்லாட்டில் மையங்களுக்கு இடையே 2 மி.மீ.தான் வரும். நீளத்தை மட்டும் குறிப்பில் எழுதுபவர்கள் அது முனைக்கு முனையா, மையத்துக்கு மையமா என்று சொல்வதில்லை. எங்கள் மின்னஞ்சல்களில் பாதி இதைக் கேட்டே போகிறதோ என்று தோன்றும். நாங்கள் எடுத்துக்கொள்வது, பூச்சுக்குப் பிந்தைய, முனைக்கு முனை அளவு.

கூர்மூலைச் சதுரத் துளை கேட்பவர்களுக்கு ஒரு சொல்: ரவுட்டர் பிட் உருண்டையானது. 0.8 மி.மீ. பிட் மூலையில் 0.4 மி.மீ. ஆரத்தை விட்டே செல்லும்.

பழைய கோப்புகளை மாற்ற முடியாதவர்கள், ஒவ்வொரு ஸ்லாட்டின் அளவையும் பூச்சு விவரத்தையும் உரைக்குறிப்பாக இணைத்தால் ஏற்றுக்கொள்வோம். குறிப்பும் டிரில் கோப்பும் முரண்பட்டால், எழுத்தில் பதில் வரும்வரை பலகை துளையிடப்படாது.