செருக்கும் பெருமிதமும் ஒன்றல்ல!

மேலைத் துன்பியல் நாடகங்களுக்கு விளக்கம் எழுதப் புகுவோர் பலர் ஒரே அச்சைக் கையில் வைத்துள்ளனர். 'தலைவன் கர்வத்தால் கெட்டான்' என்பதே அவ் வச்சு. வீழ்ச்சிக்குக் கரணியமாக அரிசுட்டாட்டில் குறித்த கிரேக்கச் சொல் 'அமார்த்தியா'. குறி தப்புதலே அதன் அடிப்பொருள். அதனைச் செருக்கெனச் சுருக்கியோர் பின்வந்தோரே. தலைநிமிர்ந்தாரை யெல்லாம் ஒரே கூண்டில் நிறுத்தும் இத் திறனாய்வு அறியாமை மட்டுமன்று. ஆள்வோர்க்கு அரண்செய்யும் அடிமைப் பார்வையுமாகும்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சோபோக்கிளிசு யாத்த 'அந்திகோனி'யை நோக்குக. தீப்சு நகரின் அரசுரிமைப் போரில் உடன்பிறந்தார் இருவர் ஒருவரையொருவர் கொன்று மாய்ந்தனர். ஒருவனுக்கு நல்லடக்கம், நகர்மேற் படைகொண்டு வந்த மற்றவனைப் புதைப்பார்க்குச் சாவு என்று கட்டளையிட்டான் புதுமன்னன் கிரியோன். உடன்பிறந்தாளாகிய அந்திகோனி அக் கட்டளையை மீறிப் பிணத்தின்மேல் மண் தூவினாள். நகரம் அவளுக்காக இரங்குகிறதென மன்னன் மகனே எடுத்துரைத்தான். நகரம் மன்னனின் உடைமை என்றிருந்த கிரியோன் அதனைக் கேட்டிலன். கண்ணிழந்த குறிசொல்லி தைரீசியாசு இடித்துரைத்த பின்னரே மனம் மாறினான். அதற்குள், மலைமுழையில் அடைக்கப்பட்ட அந்திகோனி தூக்கிட்டு மாண்டாள். அவளை மணக்கவிருந்த மகனும், அச் செய்தி கேட்ட தாயும் தம்முயிர் போக்கினர். கிரியோன் மட்டும் உயிரோடிருந்தான்; அதுவே அவன் பெற்ற ஒறுப்பு.

செகப்பிரியரின் 'கொரியோலனசு' காட்டும் செருக்கு வேறுவகையினது. உரோமைக்காகப் புண்பட்ட மறவன் அவன். பொதுமக்களிடம் ஒப்புதல் வேண்டி நிற்பதை இழிவெனக் கருதி அவர்களைப் பழித்தான், நாடு கடத்தப்பட்டான். அதுவரை அவன்பால் இரங்க இடமுண்டு. ஆனால், பகைவரான வொல்சியரின் படையோடு பிறந்த மண்ணின் மேலேயே வந்தானே, அதற்கு என்ன அமைதி கூறுவது? தாயின் வேண்டுகோளுக்கு இணங்கி மீண்டவனை அப் பகைவரே வெட்டி வீழ்த்தினர். கிரியோன் நகரைத் தன் உடைமையாக்கினான். இவன் தன் தகுதியை நகரினும் பெரிதாக்கினான். தன்னைத் தாங்கும் மக்களுக்கு மேலாகத் தன்னை வைத்தலே இருவர் செருக்குக்கும் வேர்.

'அந்திகோனியும் செருக்குற்றவளே, இருபாலும் பிழையுண்டு' என நடுநிலை பேசுவோர் உளர். அவள் தனக்கென எதனைக் கேட்டாள்? அரியணையையா? பொருளையா? இறந்தவனுக்குரிய ஒருபிடி மண்ணையே கேட்டாள். அவள் சொல் கடுமையுடையதே; உடன்பிறந்த இசுமேனியையும் கடிந்தே பேசினாள். ஆயினும் கடுமை வேறு, செருக்கு வேறு.

தமிழ் கற்றார்க்கு இவ் வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியம் பெருமிதத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றில் அது பிறக்கும் என்கிறது. திருக்குறளோ செருக்கைக் கடியவேண்டிய குற்றங்களுள் வைக்கிறது. இரண்டையும் 'கர்வம்' என்னும் ஒரே வடசொல்லிற் போட்டுக் குழைத்தபின், கிரியோனும் அந்திகோனியும் ஒருவராய்த் தெரிவதில் வியப்பென்ன? சொல் மழுங்கின் அறிவு மழுங்கும். அறிவு மழுங்கின் அறமும் மழுங்கும்.

செருக்கை அறுத்தெறிக, பெருமிதத்தைப் பேணிக் காக்க. நிமிர்ந்த தலையைச் செருக்கென்று பழிப்பவன் குனிந்த தலைகளையே தேடுகிறான் என்பதைத் தமிழிளைஞர் உணர்வாராக!