யோசுவா மரங்களும் கூலியில்லாக் காவலரும்

'அரச காணி' என்னும் சொல் நம்மவர் செவியில் விழுந்ததும் காணிக் கச்சேரியும் அனுமதிப்பத்திரமும் நினைவுக்கு வருவது இயல்பு. உரிமை நிறுவப்படாத காடும் தரிசும் முடிக்கே உரியன என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த நாள்முதலாக அது அதிகாரத்தின் சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ அதனைப் 'பொதுக் காணி' என்பர். அந்நாட்டு நிலப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், மத்திய அரசின் வசம் உள்ளது. எனினும் சாமானியரும் அதனை 'எங்கள் நிலம்' என்றே பேசுகின்றனர். (அங்கிருந்து அகற்றப்பட்ட பூர்வகுடிகள் இச்சொல்லை எவ்வாறு கேட்பர் என்பது வேறு கதை.)

இவ்வுரிமை உணர்ச்சி எத்துணை உண்மையானது என்பதைத் தென் கலிபோர்னியாவில் மோட்டார் வண்டியில் சென்றபோது ஓரளவு காண முடிந்தது. லொஸ் ஏஞ்சலிசுக்குக் கிழக்கே சுமார் 140 மைல் தொலைவில் யோசுவா மரத் தேசியப் பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய எட்டு லட்சம் ஏக்கர் பாலைநிலம். 1936இல் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 1950இல் சுரங்கத் தொழிலின் பொருட்டுக் குறுக்கப்பட்டு, 1994இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. யோசுவா மரம் ஆண்டொன்றுக்கு ஓரிரு அங்குலமே வளர்வது. பாலையின் மண்ணோ எதனையும் எளிதில் மறப்பதில்லை. 1942இல் தளபதி பற்றன் தம் படைகளைப் பயிற்றிய பிரதேசம் இதனை அடுத்துள்ளது. அன்றைய தாங்கிகளின் தடங்கள் அப்பாலையில் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆகவேதான் பூங்காவில் தொண்டர் சிலர் செய்துகொண்டிருந்த வேலை என்னைக் கவர்ந்தது. வண்டிச் சில்லுகள் பதித்த தடத்தை வாரியால் கலைத்துவிட்டு, காய்ந்த கிளைகளை அதன்மீது செங்குத்தாக நட்டனர். தடம் தெரிந்தால் அடுத்த வண்டியும் அதன்வழியே செல்லும், மறைந்தால் செல்லாது. நட்ட கிளைகளின் நிழலில் காற்று கொணரும் விதைகள் தங்கும். எளிய உபாயந்தான்.

இத்தகைய தடங்கள் பல, 2018 டிசம்பர் 22 தொடக்கம் 35 நாள் மத்திய அரசு முடங்கிக் கிடந்தபோது பதிந்தவை. பூங்காவின் வாயில் திறந்திருந்தது. காவலர் மிகச் சிலரே. வண்டிகள் புதுவழி கண்டன, மரங்களும் சேதமுற்றன. குப்பை குவிந்தது. அப்போது ஊர்வாசிகளும் பாறை ஏறுவோரும் தாமாக முன்வந்து மலகூடங்களைக் கழுவினர், குப்பை அகற்றினர். பத்திரிகைகள் அவர்களைப் போற்றின, அப்போற்றுதல் தகும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத் திணைக்களங்கள் இலவசச் சேவையை ஏற்பதை 1884ஆம் ஆண்டு தொட்டே அந்நாட்டுச் சட்டம் பொதுவாகத் தடுத்து வந்துள்ளது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து நேரும்போது மட்டும் விலக்குண்டு. முறையான தொண்டர் திட்டங்கள் தனிச்சட்டங்களின்பாற் படுவன. காங்கிரஸ் ஒதுக்காத வேலையைக் கூலியின்றி வாங்கிப் பின்னர் அதற்குப் பணங் கோரும் வழக்கத்தை ஒழிக்கவே அத்தடை எழுந்தது. இலவச உழைப்பு வரவுசெலவுத் திட்டத்தின் ஓட்டையை மறைத்துவிடும் என்பதை அவர்கள் அன்றே கண்டிருந்தனர். 2019 தொடக்கத்தில் பூங்காக்களைத் திறந்து வைக்க நுழைவுக் கட்டணப் பணம் செலவிடப்பட்டதும் சட்டமீறலே என அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு செப்டெம்பரில் தீர்ப்புரைத்தது.

ஓட்டை அடைபட்டதா? 2025 பெப்ரவரியில் தேசியப் பூங்காச் சேவையின் தகுதிகாண் ஊழியர் ஏறத்தாழ 1,000 பேர் ஒருங்கே நீக்கப்பட்டனர். நீதிமன்றங்கள் தலையிட நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கிய முடக்கம் 43 நாள் நீடித்தது. பூங்காக்கள் பெரும்பாலும் அப்போதும் திறந்தே இருந்தன. தொண்டர் இருக்கின்றனரே, ஊழியர் எதற்கு என்னும் வாதம் இத்தகைய வேளையில் நாவினிக்கும்.

அவ்வாதத்துக்கு மறுப்பைத் தொண்டருள் ஒருவரே தந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். எந்தத் தடத்தை மூடுவது, எந்தக் கிளையை எடுக்கலாம், மண்ணடியில் பூர்வகுடிகளின் சின்னம் ஏதும் உண்டா என்பவற்றை அறிந்து சொல்ல ஒரு பயிற்சிபெற்ற உத்தியோகத்தர் வேண்டும் என்றார். அவர் இல்லாத நாளில் பத்துத் தொண்டரும் வாரியைக் கையில் ஏந்தியபடி வீதியோரத்தில் நிற்க வேண்டியதுதானாம்.