முழங்காலுக்குக் கீழே

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். அதில் ஒன்று, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அன்று அந்த மாவட்டம்தான்.

இன்று அந்தத் தடை இல்லை. ஆனால் சீமைக்கருவேலம் வெட்டுகிற, கரிமூட்டம் போடுகிற நம் மக்களின் கால்களைப் பாருங்கள். மடித்துக் கட்டிய கைலி, இல்லாவிட்டால் யாரோ போட்டுக் கழித்த பேண்ட். முள் ஏறிச் சீழ் பிடித்தால் போவது அவர்கள் கூலி.

வேலைக்குப் போடும் பேண்டும் அரிவாள் மாதிரி ஒரு கருவிதான். பார்த்துத்தான் வாங்க வேண்டும். கெட்டியான பருத்தி ட்ரில் அல்லது ஜீன்ஸ் துணி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் தொடையைப் பிடிக்காத தளர்வு, முழங்காலில் இரட்டைத் துணி. மூட்டத்துப் பக்கம் பாலியெஸ்டர் கூடவே கூடாது. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

யார் காசு கொடுப்பது? காட்டைக் குத்தகை எடுத்தவர் லாரிக்கும் டீசலுக்கும் கணக்கு எழுதுகிறாரே, இதையும் எழுதட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், கூலியில் பிடிக்காமல். பழைய துணி தந்து காட்டும் கருணை நமக்கு வேண்டாம். தோழர்களே, அடுத்த முறை கூலி பேசும்போது இதையும் சேர்த்தே பேசுவோம்.