புட்டியோடு மீன் பிடிக்கப் போனோம்



போன இதழில் இந்தப் பக்கம் வரவில்லை என்று நான்கு பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். ஒருவர் உடம்புக்கு என்ன என்று விசாரித்திருந்தார். இன்னொருவர், ‘ஒரு பக்கம் மிச்சமானதில் குறுக்கெழுத்துப் போட்டி பெரிதாக வந்தது, மகிழ்ச்சி’ என்று எழுதியிருந்தார். இருவருக்கும் நன்றி. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொல்கத்தாவுக்குத் தெற்கே ஒரு குளக்கரையில், மூங்கில் பரண்மேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் புட்டி இருந்தது.

நீங்கள் நினைக்கிற புட்டி அல்ல. (அதுவும் வரும், பொறுங்கள்.) இந்தப் புட்டி என் தங்கை மகள், ஏழு மாதக் குழந்தை. தங்கை கட்டிக்கொண்டது வங்காளி மாப்பிள்ளையை. அங்கே ஆளுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. குளங்களில் விரல் நீளத்துக்குத் துள்ளித் திரியும் பொடிக்கெண்டைக்கு அவர்கள் ஊரில் புட்டி என்று பெயர். கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும். எனக்கு மூக்கு ஒத்துழைக்காததால், தூத்துக்குடிக்காரன் வாயில் அது நல்ல கனமான புட்டியாகவே விழுந்தது. “அண்ணே, பிள்ளையைப் போய் பாட்டில் பாட்டில்னு கூப்பிடுற மாதிரி இருக்கு” என்று தங்கைக்குக் கோபம்.

அந்தப் பொடிக்கெண்டைக்கு அறிவியலில் உள்ள பேரினப் பெயர் புன்டியஸ். லத்தீன்போல ஒலித்தாலும் அது வங்காளக் குளத்திலிருந்து போன சொல்தான். பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கும் கொஞ்ச காலம் பொறுப்பாக இருந்தவர், கங்கை மீன்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதி 1822-ல் எடின்பரோவில் வெளியிட்டார். மீனவர்கள் சொன்ன பெயர்களையே வால் ஒட்டி லத்தீனாக்கிவிட்டார். ரோகு, கட்லா, இலிஷ் எல்லாம் அப்படித்தான் உலகப் பட்டியலில் ஏறின. ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பீர் பேசும்போது திரும்ப வருவோம்.

நான் போனது மீனுக்கும் அல்ல, பீருக்கும் அல்ல. புட்டிக்கு அன்னப்பிராசனம். ‘முகே பாத்’, வாயில் சோறு, என்பார்கள். ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு என இரட்டை மாதத்தில். பெண்ணுக்கு ஐந்து, ஏழு என ஒற்றையில். முதல் சோற்றை ஊட்ட வேண்டியவன் தாய்மாமன். நமக்குக் காதுகுத்துக்கு மாமன் மடி வேண்டும் என்பதுபோல. ஆனால் அந்தச் சோற்றோடு மீனும் வைப்பார்கள். பல் முளைக்காத பிள்ளைக்கு மீன் தலையைக் காட்டி உறவு தொடங்கும் ஊர் அது.

ஹவுரா மெயிலில் போனேன். சென்னையில் சாயங்காலம் ஏறினால், ஆந்திராவின் பாதி தூக்கத்தில் போய்விடும். மறுநாள் முழுக்க விழித்துக்கொண்டு ஒடிசாவைப் பார்க்கலாம். தங்கை வீடு லேக் மார்க்கெட் பக்கம். முருங்கைக்காய், வாழை இலை, காப்பிப்பொடி என்று நம் ஆட்கள் மூன்று நான்கு தலைமுறையாக வாங்கிப் புழங்கும் இடம். அங்கே இறங்கியதும் ஊர் மாறிய உணர்ச்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. வந்தது, மாப்பிள்ளை தன் புதுத் தூண்டிலை உறையிலிருந்து உருவிக் காட்டியபோது.

அது ஃப்ளை ஃபிஷிங் தூண்டில். நம் சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் தங்கூஸ் நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். இதில் குண்டு கிடையாது. நரம்பே தடித்து, கனமாக இருக்கும். தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி வீசி அதைத் தண்ணீர்மேல் படுக்க வைக்க வேண்டும். நுனியில் புழு இல்லை. இறகும் நூலும் சுற்றிச் செய்த போலி ஈ. நம் நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர் வானவில் டிரவுட் மீன்களை நிலைநிறுத்தியதும், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்ததும் இந்த விளையாட்டுக்காகத்தான். குளிர்ந்த ஓடையில் பூச்சிக்காக மேலே எழும்பும் மீனுக்கு உகந்த வித்தை. பாசி மேயும் ரோகுவுக்கும், அடிச்சேற்றைக் கிளறும் மிர்காலுக்கும் ஈயைக் காட்டி என்ன பயன்? கேட்டேன். “மச்சான், முயற்சி பண்ணுவோம்” என்றார். அவருடைய தமிழ் முழுக்கத் தங்கையிடம் படித்தது, எனவே சுத்தமான தூத்துக்குடி.

மீன் அவர்களுக்கு மாச். பிடிக்க உட்காரும் மூங்கில் பரண் மாச்சா. நான் மச்சான். முதல் இரண்டு நாள் யார் எதைச் சொன்னாலும் நான் திரும்பிப் பார்த்தேன்.

கொல்கத்தாவின் தூண்டில்காரர்கள் தனி சாதி. கடியா தாண்டி சோனார்பூர், பாருய்பூர் பக்கம் போனால் குளத்துக்காரரிடம் பணம் கட்டி ஒரு நாள் முழுக்க ஒரு மாச்சாவில் உட்காரலாம். டிக்கெட் எடுத்து மீன் பிடிப்பது என்று சொல்கிறார்கள். தூண்டில் சீப், மிதப்பு ஃபாத்னா, மயிலிறகின் தண்டில் செய்தது உசத்தி. முள்ளில் குத்தும் இரை டோப். பெரிய விஷயம் ‘சார்’. மீனை அந்த இடத்துக்கு வரவழைக்க முன்கூட்டியே நீரில் போடும் மசாலா உருண்டை. கடுகுப் புண்ணாக்கு, வறுத்த வெந்தயம், ஏகாங்கி என்று ஒரு வாசனைக் கிழங்கு, செவ்வெறும்பு முட்டை. ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியம். சிலர் கொஞ்சம் நாட்டுச் சாராயமும் தெளிப்பார்களாம். சித்த மருத்துவர்கூடத் தன் லேகியத்தைச் சொல்லிவிடுவார், இவர்கள் சாரைச் சொல்லமாட்டார்கள்.

குளத்துக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் குழந்தையை அதன் பாட்டியிடம் விட்டுவிட்டு மூன்று பேரும் சால்ட் லேக் போனோம். அங்கேயே பீர் காய்ச்சித் தருகிற கடை. கண்ணாடிக்குப் பின்னால் செம்பும் எஃகுமாய்ப் பெரிய பெரிய கொப்பரைகள். டாஸ்மாக் கம்பிக்குள் கைநீட்டிப் பழகிய நமக்கு, பரிசாரகர் வந்து ஐந்து சின்னக் கோப்பைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றையும் விளக்கியது, பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத் தட்டை நீட்டியதுபோல இருந்தது. பால் கொடுப்பதால் தங்கைக்கு எலுமிச்சை சோடா. நான் ஐ.பி.ஏ. எடுத்துக்கொண்டேன். முதல் வாய் நிலவேம்புக் கஷாயம். மூன்றாவது வாயில்தான் ஆரஞ்சுத் தோல் வாசனை தெரிந்தது.

ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல், அதில் உள்ள ‘ஐ’ இந்தியா. மாப்பிள்ளைக்கு அது கல்கத்தா. “எங்க ஊருக்காகவே கண்டுபிடிச்ச பீர், மச்சான்” என்று உரிமை கொண்டாடினார். பாதி சரி. 1752-ல் லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் ஆரம்பித்த பீர் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கம். அதனால் கப்பல் தலைவர்கள் அங்கே சரக்கு எடுத்தார்கள்; பதினெட்டு மாதம் வரை கடன் வேறு கிடைத்தது. நாலைந்து மாதக் கடல் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். அந்த ஆட்டத்திலும் சூட்டிலும் பீப்பாய்க்குள்ளேயே பீர் பதப்பட்டு வந்தது. ஆனால் வேண்டுமென்றே இந்தியாவுக்கென்று அவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கட்டுக்கதை. வெளிர் பீர் அதற்கு முன்பே கடல் தாண்டியிருக்கிறது. சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் கறுத்த போர்ட்டர். ‘ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் 1829-ல் அச்சில் தென்படுவது கல்கத்தாவில்கூட இல்லை, சிட்னிப் பத்திரிகை விளம்பரத்தில்.

ஹாட்ஜ்சன் குடும்பம் பேராசைப்பட்டு விலையையும் வியாபாரத்தையும் தானே பிடித்துக்கொள்ளப் பார்த்தது. கம்பெனி இயக்குநர் மார்ஜரிபாங்க்ஸ், பர்ட்டன் ஊரின் ஆல்சப் என்பவரைப் பிடித்து, அந்தக் கசப்பு பீரை நீங்கள் செய்ய முடியுமா என்று கேட்டார். ஆல்சப்பின் ஆள் ஒரு தேநீர்க் கெட்டிலில் முதல் மாதிரியைக் காய்ச்சினார் என்று கதை. பர்ட்டன் கிணற்றுநீரில் ஜிப்சம் அதிகம். ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் கூர்மையாக எழுந்தது. அது நடந்தது 1822. எடின்பரோவில் புட்டி மீன் அச்சேறிய அதே ஆண்டு! மாப்பிள்ளையிடம் சொன்னதும் இன்னொரு கோப்பை வரவழைத்தார்.

நாங்கள் குடித்துக்கொண்டிருந்த சால்ட் லேக் இருந்த இடத்திலேயே ஒரு காலத்தில் மீன் நீந்தியது. 1960-களில் யூகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே தள்ளி மூடி மேடாக்கிய நிலம் அது. மூடப்படாமல் தப்பிய பக்கம்தான் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம், சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்தின் சாக்கடை அங்கே பேரி என்னும் ஆழமில்லாத குளங்களில் தேங்கும். வெயிலில் பாசி பிடிக்கும். பாசியை மீன் தின்னும். மீனை நகரம் தின்னும். சுத்திகரிப்பு ஆலை கட்டாமலே ஊர்க்கழிவு தெளிந்துவிடுகிறது. இந்தச் சூட்சுமம் மீனவர்களுக்குத் தெரியும், அதிகாரிகளுக்குத் தெரியாது. துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் பல ஆண்டு நடந்து, எழுதி, வாதாடிப் புரியவைத்தார். 2002-ல் அந்த ஈரநிலம், உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோஷ் 2018-ல் காலமானார். அவரைப் பற்றி இந்த இதழின் நடுப்பக்கக் கட்டுரையை முதலில் படியுங்கள் என்பேன், இந்தப் பக்கத்தைவிட அதுதான் முக்கியம்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பீர் காய்ச்சுபவரிடம் ஏதோ குசுகுசுத்தார். கையில் ஒரு பை வந்தது. சாறு எடுத்த பார்லிச் சக்கை, இன்னும் வெதுவெதுப்பாக, ஹார்லிக்ஸ் வாசனையோடு. மறுநாள் சாருக்கு.

குளத்துக்கு நாங்கள் போன ஊர்வலத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு தூண்டில், ஒரு பை சக்கை, வெந்நீர் பிளாஸ்க், கொசுவலைக் குடை, எட்டு மாற்றுத்துணி, ஒரு கிலுகிலுப்பை, ஒரு குழந்தை. முள் குத்திவிடுமென்று தங்கை மாச்சாவிலிருந்து பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் பாய் விரித்தாள். மற்ற மாச்சாக்களில் வயசாளிகள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் ஃபாத்னாவில். நூலகத்தில்கூட அந்த அமைதியை நான் கண்டதில்லை. ஒன்பதரை மணிக்குப் புட்டி வீறிட்டது.

நான் பதறி எழுந்து ஓடினேன். பக்கத்து மாச்சாப் பெரியவர் திரும்பாமலே என்னவோ சொன்னார். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்: “பிள்ளை அழட்டும், நீங்க உட்காருங்க.” காற்றில் வரும் சத்தம் நீரின் மேற்பரப்பில் பெரும்பாலும் பட்டுத் திரும்பிவிடும், மீனுக்கு எட்டாது, தரையிலும் பரணிலும் தடதடவென்று நடக்கும் காலதிர்வுதான் உள்ளே இறங்கும். அதாவது மீனை விரட்டியது ஏழு மாதக் குழந்தையல்ல, எழுபத்தெட்டுக் கிலோ மாமன்.

அதற்குப் பிறகு நான் அசையவில்லை. மடியில் புட்டி தூங்கினால் எப்படியும் அசைய முடியாது. கைக்குழந்தையோடு போனால் ஊரில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது என்று எல்லோரும் எச்சரித்தார்கள். உண்மை. விக்டோரியா மாளிகை பார்க்கவில்லை, பேலூர் போகவில்லை. ஒரு குளத்தில் காலை வெயில் எப்படி மஞ்சளிலிருந்து வெள்ளையாகிறது, மீன்கொத்தி எத்தனை முறை தவறவிட்டு ஒருமுறை பிடிக்கிறது என்று பார்த்தேன். அடுத்த முறையும் இதே வரிசையில்தான் பார்ப்பேன்.

மாப்பிள்ளை ஃப்ளை தூண்டிலை வீசினார். முதல் வீச்சு வேப்பமரத்தில். இரண்டாவது என் தொப்பியில். பெரியவர்கள் முதல்முறையாக ஃபாத்னாவிலிருந்து கண்ணெடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் கலெக்டராக இருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் ஒரு புத்தகம் எழுதியவர்; அவர் ஆவி அங்கே இருந்திருந்தால் எழுந்து போயிருக்கும். பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை கௌரவத்தை விட்டுச் சாதாரணச் சீப் தூண்டிலுக்கு மாறினார். சக்கைச் சார் நன்றாகவே மணந்தது; நீர்க்குமிழிகள் வந்தன; ஃபாத்னா இரண்டு முறை தலையாட்டியது. கார்த்திகைக் குளிரில் மீனுக்குப் பசி மந்தம். நான்கு மணிக்குச் சுருட்டிக்கொண்டோம். கையில் ஒன்றுமில்லை.

வங்காளக் குழந்தைகளுக்குப் பாடும் ஒரு தாலாட்டுப் பாட்டு உண்டு. தங்கையின் மாமியார் தினமும் புட்டிக்குப் பாடுவார். பாலாடை ஆற்றங்கரையில் ஒரு குழந்தை மீன் பிடிக்கப் போகும். தூண்டிலைத் தவளை கொண்டுபோகும், மீனைப் பருந்து கொண்டுபோகும். “பாட்டிலேயே சொல்லியிருக்கு, மச்சான்” என்றார் மாப்பிள்ளை. எங்களுக்குத் தூண்டிலாவது மிஞ்சியது.

ஆகவே விசேஷ நாள் விடியற்காலை கடியாஹாட் சந்தை. நம் அரிவாள்மனையைப் பத்து மடங்கு பெரிதாக்கி முன்னால் நட்டுவைத்து, கால் கட்டைவிரலால் பலகையை அழுத்திக்கொண்டு வெட்டுகிறார் மீன்காரர். மூன்று கிலோ ரோகு. உள்ளூர்க் குளத்து மீன்தான் என்று சத்தியம் செய்தார். மாப்பிள்ளை செவுளைத் தூக்கிப் பார்த்து என் காதில் சொன்னார்: “ஆந்திரா.” ஐஸில் லாரி ஏறி ஏலூருப் பக்கத்திலிருந்து வருவது, கொல்கத்தா சந்தையின் ரோகு, கட்லாவில் கணிசம் அப்படித்தான். ஹவுரா மெயிலில் நான் குறட்டை விட்டுக்கொண்டு கடந்த அதே ஊர்.

புட்டி சிவப்புப் பட்டில், நெற்றியில் சந்தனப் பொட்டுகளோடு, தலையில் வெள்ளை நெட்டிக் கிரீடத்தோடு என் மடியில் உட்கார்ந்தது. பாயசத்தை நக்கியது. சோற்றைத் துப்பியது. ரோகுத் தலையை உதட்டருகே கொண்டுபோனேன். இரண்டும் சற்று நேரம் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு புட்டி என் விரலைக் கடித்தது, இன்னும் வராத பல்லால். குலவை எழுந்தது, சங்கு ஊதினார்கள்.

மிச்சத் தலை மாமனுக்கு என்றார் மாமியார். கடல் மீனில் வளர்ந்தவன் நான். குளத்து மீனின் மண்வாசனை எனக்கு ஆகாது, முள்ளும் எண்ண முடியாது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடுகெண்ணெயில் அந்தத் தலையைப் பிரித்துச் சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மண்வாசனை இருந்தது. இரண்டாவது தடவை சோறு கேட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முதல் சோறு யார் ஊட்டினார்கள், தட்டில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். நல்லவற்றைத் தை இதழில் போடுகிறோம். குறுக்கெழுத்து ரசிகருக்கு: இந்த முறை உங்கள் கட்டம் சிறியதுதான், மன்னிக்கவும்.

அன்புடன்,
ஆசிரியர்